வெள்ளிக்கிழமைச் சூளை

ஆலையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சோதனைக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேரும் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். மலரில் எழுதுகிறவர்கள் முப்பது வருடம் வேலை பார்த்து, மாலை போட்டு வழியனுப்பப்பட்டவர்கள். நான் எட்டு வருடம் பார்த்துவிட்டு, இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவள். அதை ஓய்வு என்று சொல்லலாமா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

“புது மிஷின் வந்திருக்குக்கா. சாயங்காலம் சாம்பிளை உள்ள வச்சிட்டுப் போனா, காலையில கோடு போட்டுக் கையில தருது. நீங்க கையால அளவெடுத்ததை எழுதுங்க. எங்களுக்கே பாதி தெரியாது” என்றார்கள். அதற்குப் பிறகு மறுக்க மனம் வரவில்லை. சின்னவன் தூங்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். தப்பு இருந்தால் அங்கே என் மேலதிகாரியாக இருந்த ரோஸ்லின் மேடம் திருத்தட்டும். மலரை அட்டையிலிருந்து அச்சகத்தின் பெயர் வரை விடாமல் படிப்பவர் அவர்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஆலை ஆரல்வாய்மொழி போகிற வழியில், காற்றாலைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே தேநீர்க் கோப்பை செய்வதில்லை. மின் உலைகளின் சுவரைத் துளைத்து உள்ளே போகும் கம்பிகளுக்கு உறையாக, கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் பீங்கான் குழல்கள் செய்கிறோம். ‘செய்கிறார்கள்’ என்று எழுத வேண்டும். கை இன்னும் பழகவில்லை.

பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியில் படித்திருப்போம். அது ஆறியிருக்கும்வரைதான் உண்மை. இருநூறு டிகிரியில் இறுக்கமாக இருக்கும் குழல், அறுநூறு டிகிரியில் கையை நெகிழ்த்தி மின்சாரத்தைக் கசிய விடும். எவ்வளவு கசிகிறது என்று அளந்து, விற்கலாம், விற்கக்கூடாது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. நான் நாகர்கோவிலில் இயற்பியலில் முதுகலை முடித்தவள். முதல் வாரம் ரோஸ்லின் மேடம் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, சூடானால் ஏன் கசிகிறது என்பது. நான் பட்டை இடைவெளி, ஆற்றல் மட்டம் என்று கரும்பலகை பாஷையில் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“அதெல்லாம் செரி. இது மண்ணாக்கும், பிள்ளே. மண்ணுல கொஞ்சம் சோடியம் எப்பவும் ஒட்டிக்கிட்டு இருக்கும். குளிருக்கு அது சுருண்டு கெடக்கும். சூடு ஏற ஏற எழும்பி ஓடத் தொடங்கும். ஓடுறது வெறுங்கையோட ஓடாது, மின்சாரத்தையும் தூக்கிக்கிட்டு ஓடும். கேட்டியா?”

பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது.

அவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. கருவிக்கு அருகில் நிற்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். தெரியாமல்கூட எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார். அளவெடுக்கும்போது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் முள் ஆடிக்கொண்டே இருந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார். முள் அடங்கிவிட்டது.

“மீட்டருக்கு ஒண்ணுமில்ல. உன்னையும் சேத்து அளந்துக்கிட்டு இருந்துது” என்றார்.

அளவு சரியில்லை என்றால் எதை எந்த வரிசையில் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் உன் கை. பிறகு கம்பி. பிறகு உலை. கடைசியில்தான் மண். இயல்பிலேயே கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பிப் பார்க்கிறவளுக்கு இந்த வரிசை மிகவும் பிடித்துப்போனது. பயந்தவள் என்று வீட்டில் கேலி செய்யப்பட்ட குணத்துக்கு அந்த அறையில்தான் முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்தது.

முறையைச் சொல்கிறேன். புது மிஷின் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன். குழலைக் காய்ச்சி வடித்த வாலைநீரில் கழுவி, ஆல்கஹாலில் அலசி, இடுக்கியால் எடுத்து அடுப்பில் உலர்த்த வேண்டும். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. நம் விரலில் வியர்வை, வியர்வையில் உப்பு. வெளிப்புறம் வெள்ளிப் பசையால் ஒரு பட்டை வரைய வேண்டும். அணில் வால் முடித் தூரிகைதான் நன்றாக வரும். பசையில் கிராம்புத் தைலம் போல ஒரு வாசனை உண்டு. மத்தியானச் சாப்பாட்டிலும் அது வரும். பட்டையைச் சூடேற்றிப் படியவைத்த பின், உள்ளே ஒரு பிளாட்டினக் கம்பி, வெளியே ஒரு கம்பி. குழாய் உலையில் வைத்து, வெப்பமானியின் முனையைக் குழலுக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, அறுநூறைத் தொட்டதும் அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். உலை சூடானதும் குழலும் சூடாகிவிட்டது என்று நினைப்பது எல்லோரும் செய்கிற தப்பு.

அதற்குப் பிறகு ஐந்நூறு வோல்ட். கொடுத்த உடனே முள் எங்கோ ஓடும். அதை எழுதக் கூடாது. ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். ஆடி மாதமானால் கணவாய்க் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கும். அது ஒன்றுதான் சத்தம். நிமிடம் முடிந்ததும் நான் அளவைச் சத்தமாகச் சொல்வேன், மேடம் அதைத் திருப்பிச் சொல்வார், அதற்குப் பிறகுதான் பேனா. ஒவ்வொரு ஐம்பது டிகிரிக்கும் ஒன்றாகப் புள்ளி வைத்தால், வரைபடத் தாளில் ஒரு நேர்க்கோடு இறங்கி வரும். நல்ல மண்ணுக்கு ஒரு சாய்வு, உப்புக் கலந்த மண்ணுக்கு வேறு சாய்வு. ஒருநாளில் நான்கு குழல் முடித்தால் அதிகம். இன்று யோசித்தால் அந்த ஒரு நிமிட அமைதிகளைத்தான் நான் அதிகம் தேடுகிறேன். வீட்டில் யாரும் எனக்கு ஒரு நிமிடம் தருவதில்லை!

இனி சூளை. சூளையைப் பார்த்துக்கொண்டவர் ஷாகுல் காக்கா; அண்ணன் என்பதுபோல அங்கே காக்கா. தேங்காய்ப்பட்டணத்துக்காரர். வளைகுடாவில் உலைக்கல் செய்யும் ஆலையில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் ஆலையில் நிரந்தர வேலை கிடையாது, வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். சூளையின் சத்தத்தை வைத்தே எரிவாயு கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். குழல்களை அடுக்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் எந்தத் தட்டு, எந்த வரிசை என்று காவிப் பென்சிலால் எழுதிவைப்பார். ரோஸ்லின் மேடம் கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அவர் சூளையை விட்டுப் போவார். பர்னரைச் சரிபார்த்து வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் ஜும்மா தொழுகைக்குப் போய், நாற்பது நிமிடத்தில் திரும்பிவிடுவார். முந்தைய மேலாளர் வாயால் கொடுத்த அனுமதி. சூளைப் பதிவேட்டில் ‘கண்காணிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்கு மட்டும் அது காலியாக இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மூத்தவன் பிறந்து எட்டாவது மாதம் நான் வேலைக்குத் திரும்பினேன். அவன் அப்பா துபாயில். ஆலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறை உண்டு. அதன் பொறுப்பு லீலா அக்காவுக்கு. பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுச் சோதனைக்கூடத்துக்குப் போவேன். போனதும் ஜன்னலுக்கு என்ன தாழ்ப்பாள் என்று நினைவு வரும். திரும்பி ஓடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் காலையிலிருந்து அழுதான். பால் குடிக்கவில்லை. குடித்ததையும் கக்கினான். காய்ச்சல் பெரிதாக இல்லை. மருத்துவரிடம் மறுநாள் காலைக்குத்தான் நேரம் கிடைத்தது. மத்தியானம் நான் போனபோது லீலா அக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

“ஏட்டி, இது காய்ச்சலுமில்ல, கீச்சலுமில்ல. கண்ணு பட்டிருக்கு. நேத்து ஆய்வுக்கு வந்தாளே அந்தப் பொம்பள, பிள்ளைய எடுத்து வச்சுக் கொஞ்சினதைப் பாத்தியா? கொஞ்சினா போறாதா, ‘எவ்வளவு குண்டு’ன்னு கேக்கணுமா?”

“அக்கா, நாளைக்கு டாக்டரைப் பாத்துருவேன்.”

“டாக்டரைப் பாரு. யாரு வேண்டாம்னா? அதுக்கு முந்தி உப்பு வத்தல் சுத்திப் போட்டா உனக்க எம்எஸ்சி திருப்பிக் கேப்பாங்களா?”

நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. பிள்ளை அழும்போது எதையாவது செய்யாமல் விட்டுவிட்டோமோ என்ற எண்ணம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. சரி என்றேன்.

அவள் கல்லுப்பையும் காய்ந்த மிளகாயையும் இரண்டு கையிலும் நிறைய அள்ளினாள். ஒரு பிடி போதாதா என்றேன். “இந்தக் கண்ணுக்கா?” என்றாள். பிள்ளையை மூன்று முறை சுற்றி எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனோம். சமையல்காரர் வாசலிலேயே மறித்தார். “எனக்க அடுப்புல வத்தலைப் போட்டா சாப்பிட வாறவனெல்லாம் இருமிச் சாவான். வேற எங்கயாவது போங்கம்மா.”

லீலா அக்கா ஆலையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். “அடுப்புக்கா பஞ்சம்?” என்றாள்.

ஷாகுல் காக்கா அப்போதுதான் தொழுகைக்குப் போயிருந்தார். சூளை ஆயிரத்து இருநூறைத் தாண்டிக்கொண்டிருந்தது. பக்கச் சுவரில் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு துளை உண்டு. அதை அடைத்திருக்கும் கல்லைக் கிடுக்கியால் இழுத்தது நான்தான். நீளமான இரும்புக் கரண்டியில் வைத்து அவள் இரண்டு தடவையாக உள்ளே தட்டினாள். கல்லைத் திரும்ப வைத்தேன். மிளகாய் நெடி துளிகூட வரவில்லை.

“பாத்தியா! வத்தல் வாசமே இல்ல. அம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு!” என்றாள்.

ஆயிரத்து இருநூறு டிகிரியில், அவ்வளவு உயரப் புகைபோக்கி இருக்கும்போது, எப்படி வாசம் வரும் என்று நினைத்தேன். மறுநாள் மருத்துவர் காதில் சீழ் என்று சொல்லி மருந்து கொடுத்தார். இரண்டே நாளில் பிள்ளை சிரித்தான். அந்த வெள்ளிக்கிழமையை நான் மறந்துபோனேன்.

அடுத்த வாரம் அந்தச் சூளைக் குழல்கள் சோதனைக்கு வந்தன. குளிர்ந்த நிலையில் எல்லாமே நல்ல பிள்ளைகள். அறுநூறு டிகிரியில் முதல் குழலின் மின்தடை, இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நான் என் கையைச் சந்தேகப்பட்டேன். பிள்ளைக்குக் காதில் மருந்து விட்ட கை, சரியாகக் கழுவினேனா? மறுபடியும் கழுவி, புதுக் குழலை எடுத்து, முதலிலிருந்து செய்தேன். அதே அளவு. கம்பியை மாற்றினேன். மீட்டரோடு தெரிந்த மின்தடை ஒன்றை இணைத்துப் பார்த்தேன். மீட்டர் சரி. பழைய சூளையிலிருந்து பத்திரப்படுத்திய குழலை அதே உலையில் வைத்தேன். அது எப்போதும்போல் நல்ல அளவு காட்டியது. உலையும் சரி. இப்படியே மூன்று நாள் போனது.

“அப்பம் மண்ணாக்கும்” என்றார் மேடம். ஆனால் அதே மண்ணில் செய்த முந்தைய சூளைக் குழல்கள் நன்றாக இருந்தனவே? கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிடிபடாதபோது செய்கிற வேலை அது.

வாங்குகிற நிறுவனம் தினமும் அழைத்துக்கொண்டிருந்தது. மேலாளர் சூளைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது அந்தக் காலிக் கட்டம். நியாயமாகச் சொன்னால் அவர் கெட்ட மனிதர் அல்ல. ஏதாவது ஒரு காரணத்தை அவர் எழுதியாக வேண்டியிருந்தது.

எங்கள் அறையில் வைத்துத்தான் காக்காவிடம் பேசினார். “முக்கியமான நேரத்துல சூளையை விட்டுட்டுப் போயிருக்கீங்க. அப்பத்தான் ஏதோ நடந்திருக்கு. இனிமே வெள்ளிக்கிழமை வெளிய போக முடியாது. அது முடியாதுன்னா அடுத்த மாசம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது கஷ்டம்.”

காக்கா வெப்பப் பதிவுச் சுருளை மேசையில் விரித்தார். “சார், இந்தக் கோட்டைப் பாருங்க. நான் போன நேரம், வந்த நேரம் ரெண்டும் தெரியாது. அப்பிடி நேரா இருக்கு. சூளைக்கு ஒண்ணும் ஆகல்ல.”

“அப்ப குழலுக்கு என்ன ஆச்சு?”

மேலாளர் போன பிறகு காக்கா சுருளை நிதானமாகச் சுற்றினார். “ஜும்மாவை விட்டுட்டு நான் இங்க நிக்க மாட்டேன் மேடம். அது அவருக்கும் தெரியும். மகளுக்கு நிச்சயம் பண்ணிப்போட்டு இருக்கேன். இந்த நேரத்துல வேற வேலை தேடணுமான்னுதான் யோசிக்கேன்” என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அன்று மாலை மேடம் ஒரு யோசனை சொன்னார். மின்சாரம் குழலின் உடம்புக்குள்ளே ஊடுருவியும் போகலாம், விளிம்பைச் சுற்றி மேல்தோல் வழியாகவும் போகலாம். இரண்டில் எது என்று தெரிய, நடுவில் இன்னொரு வெள்ளிப் பட்டை போட வேண்டும். கார்டு பட்டை, அதாவது காவல் பட்டை என்போம். மேல்தோலில் வருகிற மின்சாரத்தை அது தனியாக வழித்துக்கொண்டு போய்விடும், மீட்டருக்கு விடாது. போட்டு அளந்தேன். ஒரு நிமிடம் முடிந்தது. அளவைச் சொன்னேன். மேடம் திருப்பிச் சொல்லவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். குழலின் உடம்பு பழைய குழலைப்போலவே நன்றாக இருந்தது.

“மண்ணில்ல. மேல ஏதோ பூசியிருக்கு” என்றார். “சூளைக்குள்ளேருந்து வந்ததாக்கும்.”

எல்லாத் தட்டுகளிலிருந்தும் குழல்களை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். காக்கா எழுதிவைத்த எண்களைக்கொண்டு வரைபடத் தாளில் சூளையின் படத்தை வரைந்து, ஒவ்வொரு குழலும் இருந்த இடத்தில் அதன் அளவை எழுதினேன். நான்காம் நாள் மத்தியானம் தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவரோரம் இருந்தவை நல்ல அளவு. நடுவில் சுமார். மறுபக்கச் சுவரை நெருங்க நெருங்க மோசம். மிக மோசமான மூன்று குழல்கள் அந்தச் சுவரில் எட்டிப் பார்க்கும் துளைக்கு நேர் முன்னால் நின்றவை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது அவற்றின் மேல் மெல்லிய மினுக்கம் இருந்தது, நெய் தடவியதுபோல.

உப்பு. அந்தச் சூட்டில் உப்பு ஆவியாகிப் பீங்கானின் மேல் கண்ணாடிபோலப் படியும். ஜாடிகளுக்குப் பளபளப்பு ஏற்ற வேண்டுமென்றே அப்படிச் செய்கிற சூளைகள் உண்டு என்று நானே படித்திருக்கிறேன். இரண்டு கை நிறைய சோடியத்தை உள்ளே அனுப்பிவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று நாள்கணக்கில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் உன் கை என்று மேடம் சொன்ன வரிசையில் நான் சரியாகத்தான் தொடங்கினேன். கையைக் கழுவினேனா என்று பார்த்தேன். அந்தக் கை என்ன செய்தது என்று கேட்கவில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். வேலை போனால் என்ன செய்வது என்று ஒரு நேரம். இயற்பியல் படித்தவள் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள் என்று ஆலை முழுக்கச் சிரிப்பார்களே என்று ஒரு நேரம். உண்மையில் அந்தச் சிரிப்புக்குத்தான் அதிகம் பயந்தேன். காரணம் தெரியவில்லை என்று அறிக்கை எழுதிவிட்டால், மினுங்குகிற குழல்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அனுப்பிவிடுவார்கள். காலிக் கட்டத்தின் மேல் பழி நிற்கும். காக்கா போய்விடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளையை எடுக்கப் போனபோது காக்கா அங்கே இருந்தார். பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடுவதும் திறப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தார். “காது செரியாச்சா மக்களே?” என்று என்னிடம் கேட்டார். ஆச்சு காக்கா என்றேன். பிள்ளையை வாங்கி லீலா அக்காவிடமே திரும்பக் கொடுத்துவிட்டு, சோதனைக்கூடத்துக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன்.

மேடம் கிளம்பிக்கொண்டிருந்தார். தாளை அவர் முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கைப்பையைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை நெடுநேரம் பார்த்தார்.

“கல்லை எடுத்தது யாரு?”

“நான்தான் மேடம்.”

“எத்தன மணி?”

“ஒண்ணு பத்து இருக்கும்.”

“செரி. நீ சொல்லுதேன்னு நான் எழுத முடியாது. அளந்து காட்டு.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மறுநாள் மிக மோசமான குழலை எடுத்து, மயிலாடியில் சிலைக்கு மெருகேற்றுகிறவர்களிடம் வாங்கிவைத்திருந்த தேய்ப்புக் கல்லால் அதன் மேல்தோலை நீரில் தேய்த்தேன். மினுக்கம் போகும்வரை தேய்த்தேன். கழுவி, உலர்த்தி, பட்டை வரைந்து, அறுநூறுக்கு ஏற்றி, அரை மணி நேரம் காத்திருந்தேன். ஐந்நூறு வோல்ட். மின்விசிறியை மேடமே நிறுத்தினார். அந்த ஒரு நிமிடத்தைப்போல நீளமான நிமிடத்தை நான் பிரசவ அறையில்கூடப் பார்த்ததில்லை. அளவைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். நல்ல குழலின் அளவு.

“இனி எழுது” என்றார். “உனக்க கையெழுத்துல.”

எழுதினேன். சூளை ஆயிரத்து இருநூறு டிகிரியில் இருந்தபோது பக்கத் துளை வழியாக உப்பு உள்ளே போனது என்றும், துளையைத் திறந்தது சோதனைக்கூட ஊழியராகிய நான் என்றும், சூளை இயக்குபவருக்கு இதில் தொடர்பில்லை என்றும் எழுதினேன். எதற்காக என்று எழுதும் இடத்தில் பேனா நின்றது. ‘குழந்தைக்குக் கண்ணேறு கழிக்க’ என்று எழுதிவிட்டு, திரும்பப் படிக்காமல் கொடுத்துவிட்டேன்.

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. கோபப்படத்தான் செய்தார். அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு குழல்களை ஒதுக்க வேண்டியிருந்தது. எனக்கு எழுத்துபூர்வமான எச்சரிக்கை வந்தது. காக்காவிடம் மேலாளர் தனியாகப் பேசினார், என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். ஆனால் சூளை ஓடும்போது கண்காணிப்புக் கட்டம் ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை என்ன செய்வது என்று அதில் சொல்லப்படவில்லை.

ஆலை சிரித்தது. நான் பயந்த அளவுக்கு இல்லை. லீலா அக்காதான் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது கேட்டாள்: “எனக்க பேரை ஏன் எழுதல்ல?”

“உங்களை மாட்டிவிட வேண்டாம்னுதான் அக்கா.”

“சுத்திப் போட்டது நானாக்கும். பிள்ளைக்கு சொகமானதும் அதுலதான். உனக்க பேரை மட்டும் எழுதிப்போட்டே!”

ஷாகுல் காக்காவை நேரில் பார்க்கத்தான் எனக்குக் கால் வரவில்லை. சூளைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலமுறை வாக்கியம் அமைத்தேன். அந்த வாக்கியம் எப்போதும் பிள்ளை அழுததில் தொடங்கி, சாக்குப்போக்கு போலவே முடிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் அவர் சோதனைக்கூட வாசலில் வந்து நின்றார். தலையில் தொப்பி, கையில் சூளைப் பதிவேடு. மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

“காக்கா, நான்...”

“அதை விடு மக்களே” என்றார். “ஆயிரத்து நூத்தி எண்பதுல நிக்கி. மணிக்கு அறுபதுக்கு மேல ஏறினா ரெண்டாவது வால்வைக் கால் சுத்து குறை. சத்தம் மாறிச்சுன்னா தொடாண்டாம், எனக்குப் போன் பண்ணு. நான் போயிட்டு வாறேன்.”

பதிவேட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

நான் சூளைக்கு முன்னால் அவருடைய முக்காலியில் உட்கார்ந்தேன். வெப்பமானியை நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்தேன். வால்வைத் தொட வேண்டிவரவில்லை. நாற்பது நிமிடம் கழித்து வந்தார். சுருளைப் பார்த்தார். கொள்ளாம், நல்லா இருக்கு என்றார். பேனாவை நீட்டி, கட்டத்தில் பெயர் எழுதச் சொன்னார்.

வேலையை விடும்வரை எல்லா வெள்ளிக்கிழமையும் அந்தக் கட்டத்தில் என் பெயர்தான் இருக்கிறது.